வேகம் வாசிக்க ஓர் ஆள்

மனைவியை வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது பக்கத்தில் உட்கார வைத்துவிடுவது என்று மெக்கானிக் தீர்மானம் போட்டார். வாயைத் திறந்து, "வா, எங்கேயாவது போய்ட்டு வரலாம்" என்று கேட்டிருக்கலாம். முப்பது வருஷமாகக் கேட்காத மனுஷன் திடீரென்று கேட்டால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளே என்று கூச்சம். அதனால் காரைக் கெடுத்தார்.

அவர் பட்டறையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் மேலதிகாரி. காரில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வலது முழங்கால் வலிக்கு க்ரூஸ் கண்ட்ரோல்தான் துணை. வேகத்தை ஒருமுறை பிடித்துக் கொடுத்துவிட்டால் வண்டி அதே வேகத்தில் தானாக ஓடும், காலுக்கு ஓய்வு. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தங்கச்சிக்கு ஒரு போன், தூக்கம். பகல் முழுக்க மெக்கானிக் மூன்று அறைகளிலும் நடப்பார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார். போன வாரம் விட்ட கீலுக்கே மறுபடியும் விடுவார். இப்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரு கதவுகூட அவரிடம் வாய் திறப்பதில்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பானட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கும் வேக சென்சாரின் பிளக்கைக் கால்வாசி தளர்த்தினார். எவ்வளவு வேகமாக ஓடுகிறோம் என்று வண்டிக்கே சொல்வது அந்தச் சென்சார்தான். அறுபதைத் தாண்டி வண்டி அதிர்ந்தால் தகவல் அறுந்துபோகும். க்ரூஸ் கையை விரித்துவிடும்.

"ஓடறப்பதான் இந்தக் கோளாறு தெரியும்," என்றார் மறுநாள். "நான் ரோட்டைப் பாக்கணும். நீ வண்டியில மாட்டியிருக்கற இந்த ஸ்கேனரைப் பாத்து வேகத்தை வாசிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"பிடிபடற வரைக்கும்."

ஊரைத் தாண்டியதும் அவள், "எங்க ஆபீஸ்ல என்னாச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்தாள். மெக்கானிக்குக்குத் தன் கோளாறு பார்க்கிற முகத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

"பேசாத. நம்பரை மட்டும் வாசி."

சொன்ன வாயைக் கிள்ளிக்கொள்ளலாமா என்றிருந்தது. அதற்குள் அவள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அம்பத்தெட்டு. அறுபது. அறுபத்திரெண்டு. சைபர்."

சரி, குரலாவது கேட்கிறதே என்று இருந்துவிட்டார். அவள் முழங்காலை நினைத்து அன்று சாயங்காலமே பிளக்கை இறுக்கினார். தன்னை நினைத்து அடுத்த சனிக்கிழமை மறுபடியும் தளர்த்தினார். இப்படியே ஐந்து வாரம் போயிற்று.

"ஏங்க, வேலைக்குப் போறப்பெல்லாம் ஒழுங்கா ஓடுது. ஞாயித்துக்கிழமை நீங்க தொட்டாதான் படுத்துது."

"டாக்டரைப் பாத்ததும் நோவு ஞாபகம் வர்றதில்லையா, அந்த மாதிரி."

"எங்க கூடத்துல இப்படி வந்தா, சாம்பிள்ல யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

மெக்கானிக் சிரித்தார். தேவைக்கு மேல் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. கார் சாவிக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது: 'தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நம்பரெல்லாம் வாசிச்சுப் பதிவு பண்ணி உங்க போனுக்கு அனுப்பியிருக்கேன். ஓட்டிப் பாருங்க.'

போகாவிட்டால் கோளாறே பொய் என்றாகிவிடும். போனார்.

ஊரைத் தாண்டிப் பதிவை ஓடவிட்டார். "இருவது. முப்பத்தஞ்சு," என்றது அவள் குரல். வண்டியோ ஒரு லாரிக்குப் பின்னால் பன்னிரண்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. லாரியைத் தாண்டி ஐம்பதைப் பிடிப்பதற்குள் அவள் ஐம்பத்தெட்டுக்குப் போய்விட்டாள். விரட்டிப் பிடித்தார். கல்யாணமானதிலிருந்து மனைவி சொன்ன வேகத்தில் அவர் வண்டி ஓட்டியது அன்றைக்குத்தான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"அறுபத்திரெண்டு. சைபர்."

பழக்க தோஷம், ஓரமாக நிறுத்தினார்.

"நிறுத்திட்டீங்களா?" என்றது பதிவு. "பானட்டைத் திறங்க. சென்சார் பிளக்குல நகப்பூச்சால ஒரு செவப்புக் கோடு போட்டிருக்கேன். பிளக்குல பாதி, அது உக்கார்ற இடத்துல பாதி. சாம்பிள் பாட்டில் மூடிக்கு அப்படித்தான் போடுவோம். கோடு விலகியிருந்தா யாரோ திறந்திருக்காங்க. வாராவாரம் நீங்க அதை இறுக்கறது சமையலறை ஜன்னல்ல நல்லாத் தெரியுது. கோடு போட்டது நேத்து மத்தியானம்."

திறந்து பார்த்தார். கோடு இரண்டு துண்டாக நின்றது. நேற்று சாயங்காலம் மங்கின வெளிச்சத்தில் கைப்பழக்கத்தில் தளர்த்தியவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"அஞ்சு வாரம், பத்து மணி நேரம், உங்க பக்கத்துல உக்காந்து நம்பர் வாசிச்சேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத் தெரியுதா?"

பதிவு அதோடு முடிந்தது. மெக்கானிக் பிளக்கை இறுக்கினார். கோடு ஒன்றாயிற்று. வண்டிக்குள் வந்து உட்கார்ந்து அவளுக்கு போன் போட்டார்.

"சொல்லுங்க," என்றாள். பின்னால் தங்கச்சி சிரிப்பது கேட்டது.

"வந்து... வீட்டுல ஒத்தையா இருக்க முடியலம்மா. உன்கூட ரெண்டு வார்த்தை பேசணும்னுதான்..." ஆறு வாரமாக உள்ளே கிடந்தது மொத்தமும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"பேசாதீங்க," என்றாள். "நம்பரை மட்டும் வாசிங்க."

மெக்கானிக் மீட்டரைப் பார்த்தார்.

"சைபர்," என்றார்.