பதினேழாம் எண் படத்து அம்மா

என் வாழ்நாளில் உருப்படியாக நான் உண்டாக்கியது ஒரே ஒரு சாமியைத்தான். அதற்காக எனக்கு வேலை போனது. சாமி நன்றாகத்தான் இருக்கிறது.

அப்போது நான் மைசூரில் ஓர் ஓவியக் காட்சியகத்தில் வழிகாட்டி. தமிழ் பேசும் பார்வையாளர்களுக்குப் படங்களை விளக்க ஆள் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். (எனக்குத் தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும் என்பதை நேர்காணலில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) ஆறு வருடம் காலை பத்து மணி முதல் மாலை ஐந்தரை வரை நின்றேன். ஹனூர் பக்கத்து மாமனார், "வேலை எப்பங்க மாப்பிள்ளை பர்மனென்ட் ஆகும்?" என்று கேட்காத தீபாவளி இல்லை. "ஆயிடும் மாமா" என்று நான் சொல்லாத தீபாவளியும் இல்லை.

எங்களிடம் வருபவர்கள் அரண்மனை, மிருகக்காட்சி சாலை எல்லாம் முடித்து, கால் ஓய்ந்து வருவார்கள். பதினேழாம் எண் படத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு இருந்ததால் அங்கே எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தபின் எதிரே இருப்பதைப் பார்த்துத்தானே ஆகவேண்டும். பச்சைப் பட்டு, மூக்குத்தி, பக்கத்தில் ஒரு செம்பு, கையில் ஏதோ தழை. "யாருங்க இந்தம்மா?" என்பார்கள். எங்கள் பதிவேட்டில் 'பெண். எண்ணெய் வண்ணம். நன்கொடை' என்பதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. ஒரு நாளைக்கு நாற்பது முறை "தெரியாதுங்க" என்று சொல்லிப் பாருங்கள், நிற்பதைவிட அது அதிக அலுப்பு.

ஒரு மே மாத மதியம் ஹனூரை அடுத்த ராமாபுரத்திலிருந்து பொன்னம்மாள் என்ற பெண்மணி வந்தார். மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டு, அப்படியே மைசூரையும் பார்க்கலாம் என்று வேனில் வந்த கூட்டம். தோளில் காய்ச்சலோடு நாலு வயது மகள். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, வாய் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டது.

"பிளேக் வந்த காலத்துல ஊரே கதவைச் சாத்திக்கிட்டப்போ, இந்தம்மா மட்டும் செம்புல தண்ணி எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போய்க் குடுத்தாங்க. கையில இருக்கறது வேப்பிலை. கடைசி வரைக்கும் அவங்களுக்கு ஒரு தலைவலிகூட வரலைங்க."

(அது வேப்பிலையே இல்லை. என்ன இலை என்று வரைந்தவருக்கே சந்தேகம் இருந்திருக்கும்.)

பொன்னம்மாள் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். மகளின் நெற்றியைப் படத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் படத்தின் முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றிருக்கிறார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அதே கதையைச் சொன்னேன்.

சில மாதம் கழித்து எங்கள் தலைமை அதிகாரி மேடம் கூப்பிட்டனுப்பினார். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் உள்ள கதையை எழுதிப் பலகையாக மாட்டப் போகிறார்களாம். "நீங்களே எழுதுங்க. நல்லா வந்தா நிரந்தர வேலைக்கு உங்க பேரைத்தான் அனுப்புவேன்" என்றார். ராத்தூக்கம் போயிற்று. மற்ற படங்களுக்கெல்லாம் பதிவேட்டைப் புரட்டி யோக்கியமாக எழுதினேன். பதினேழுக்கு மட்டும் என் வாயிலிருந்ததை எழுதினேன். மேடம் படித்துவிட்டு, இருப்பதிலேயே இதுதான் அருமை என்றார்.

திறப்பு விழாவுக்குப் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்தார்கள். படங்களை நன்கொடை தந்த குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். பதினேழாம் எண்ணுக்கும் அப்படி ஒரு குடும்பம் இருக்கும் என்று என் மரமண்டையில் உறைக்கவே இல்லை.

நெற்றியில் நாமத்தோடு ஒரு பெரியவர் வந்தார். பூர்வீகம் மேல்கோட்டை, தலைமுறைகளாக மைசூர். பலகையைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

"இவ எங்க அத்தைப்பாட்டி. வாசல்ல யாராவது வந்து தண்ணி கேட்டா, தெருக்கோடியில கொழா இருக்குன்னு கதவைச் சாத்திடுவா. பிளேக்னு சொன்ன உடனே மொதல் வண்டியில மேல்கோட்டைக்கு ஓடினவளும் இவதான்."

மெதுவாகப் பேசுங்கள் என்று நான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சப் போன நேரத்தில் வாசலில் இரைச்சல். பொன்னம்மாள், பின்னால் இருபது பெண்கள், எல்லோர் கையிலும் டிக்கெட், வேப்பிலை, மஞ்சள். மகள் தன் காலிலேயே ஓடி வந்தாள். வேண்டுதல் நிறைவேற்ற வந்திருக்கிறார்கள்! நான் குறுக்கே போவதற்குள் சட்டத்தில் வேப்பிலை ஏறியது, படத்துக்கு முன்னாலிருந்த கண்ணாடி முழுக்க மஞ்சள். தட்டில் சூடம் பற்றிக்கொண்டது.

கூரையில் இருந்த அலாரம் அலறியது. காவலாளி பாய்ந்து வந்து தீயணைப்புக் குப்பியைத் திறந்தார். தட்டை நோக்கித்தான் அடித்தார், ஆனால் அதிகாரிகளும் அங்கேதான் நின்றிருந்தார்கள். மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி எல்லோரும் வெளுத்துப்போய் நின்றோம். பெரியவரின் நாமம் எங்கே என்று தெரியவில்லை.

"ஏன்ரீ இது? என்ன இதெல்லாம்?" என்றார் மேடம், முகத்தைத் துடைத்தபடி. "இந்தக் கதைக்கு ஆதாரம் எங்கே?"

பொய் சொல்லித் தப்பிக்க நினைத்தேன். முடியவில்லை, அலுத்துப்போயிருந்தது. "ஆதாரம் இல்லை மேடம். நானே இட்டுக்கட்டினது" என்றேன்.

பொன்னம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப பொய்யுங்களா சார்?"

வேலை போவது கூட அந்தக் கேள்வி அளவுக்கு வலிக்கவில்லை. காய்ச்சல் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றவரிடம் பொழுதுபோகாமல் கதை அளந்திருக்கிறேன். வெட்கத்தில் தலை குனிந்து நின்றேன்.

அவர் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சரி, நீங்க சொன்னது பொய்யாவே இருக்கட்டும். எம்புள்ளைக்குக் காச்ச விட்டது நெசந்தானுங்களே?" என்று சொல்லி, கொண்டுவந்த வளையல்களைப் பெரியவரிடம் நீட்டினார். அம்மாவின் குடும்பத்துக்காரர் அவர்தான் என்று அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள்.

பெரியவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வாங்கிக்கறதுல அவளுக்கு என்னிக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை" என்றார்.

பலகையை அன்றே கழற்றினார்கள். என்னை மாதக் கடைசியில். இப்போது ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன், அங்கே ஐந்தரைக்கு விடுவதில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று மட்டும் மாமனார் வீட்டில் சொல்லி வைத்திருந்தோம், எந்த இடத்து வேலை என்று அவர்கள் விசாரித்ததும் இல்லை.

போன வருடம் மாமியார் போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்பிள்ளை, முட்டிவலின்னு சொன்னீங்களாமா. மைசூர்லயே ஒரு தண்ணியம்மா இருக்குதாமுங்க. ஒரு மியூசியத்துல, படமா. வேப்பல வெச்சுக் கும்புட்டா எந்த நோவும் நிக்காதாம். புலிகூட அதுங்கிட்ட வந்து தண்ணி குடிச்சதாமுங்க. ஒரு எட்டு போயிட்டு வாங்க."

புலியை நான் சேர்க்கவில்லை. சத்தியமாக.

மனைவி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா பேச்சைத் தட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து என்னை அனுப்பியும் வைத்தாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். பழைய காவலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துச் சட்டைப்பையிலிருந்து ஒரே ஒரு வேப்பிலையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வந்தேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மனைவி இதைச் சொல்லாமல் சாப்பிட உட்காருவதில்லை. "முட்டி எப்படியிருக்கு?" என்று பந்தியே கேட்டுச் சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

வலி விட்டுவிட்டது. அதை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.