ஹாங்குஸ் அண்ணனின் அகார் அகார்

உலகத்தில் எல்லாரும் அடுப்பில் வைத்தது கருகிவிடுமோ என்று கவலைப்படுவார்கள். ஒழுங்காகக் கருகவில்லையே என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் லகாட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். தாமான் குடியிருப்பு முழுக்க அவருக்கு ஹாங்குஸ் அண்ணன் என்று பெயர். மலாயில் ஹாங்குஸ் என்றால் கருகிப்போனது. பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். மிச்ச நேரத்தில் ஒரு வெளிநாட்டு ஆய்வுக் குழுவுக்காக வெப்பக் கவசம் செய்துகொண்டிருந்தார். விண்வெளியிலிருந்து திரும்பும் கலம் காற்றுக்குள் நுழையும்போது முன்பக்கம் நெருப்பாகிவிடும். கவசம் தான் கருகி, உதிர்ந்து, சூட்டையும் தன்னோடு கொண்டுபோய்விட வேண்டும். உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகக்கூடாது. அப்படிக் கருகத் தெரிந்த புதுக் கலவை ஒன்றைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"மேல போறதுக்கு ஆயிரம் பேரு வேல செய்றான், தம்பி. எறங்கி வாரதுக்குத்தான் ஆளு இல்ல" என்பார்.

விமானத்திலும் அப்படித்தான். புறப்படும்போது தூங்கிவிடுவார். இறங்கும்போது விழித்துக்கொண்டு, இதே விமானம் இன்னும் எத்தனை மடங்கு வேகமாக இறங்கினால் நாம் எந்த வரிசையில் எரியத் தொடங்குவோம் என்று பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்குவார். ஒரு பெண்மணி இடம் மாறி உட்கார்ந்ததற்கு நானே சாட்சி.

சிலிம் ரிவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை என்பதால் முதலில் ரப்பரைக் கலந்து பார்த்தார். அன்று எழுந்த நாற்றத்தில் யாரோ பொம்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த தீயணைப்பு அதிகாரியிடம் அண்ணன் கரிந்த வட்டு ஒன்றை நீட்டி, "பின்பக்கம் தொட்டுப் பாருங்க" என்றார். அவர் தொட்டுப் பார்த்தார், பாராட்டினார், பிறகு எச்சரித்துவிட்டுப் போனார்.

அதன்பின் தக்கைத் தூளும் பிசினும் கலந்து, உள்ளங்கை அளவு வட்டுகள் செய்தார். வட்டின் முன்பக்கம் வெல்டிங் தீயைப் பிடிப்பார். பின்பக்கம் ஒட்டியிருப்பது, கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் போத்தோங் என்ற குச்சி ஐஸ்கிரீம். அளவுக் கருவிகளும் இருந்தன. ஆனால் அவர் நம்பியது ஐஸ்கிரீமை. அது உருகாமல் நின்றால் வட்டு தேறியது. தேறிய ஐஸ்கிரீமை வேலிக்கு மேலே என்னிடம் நீட்டுவார். விண்வெளி ஆராய்ச்சியின் பலனை இந்த மாநிலத்தில் என்னைப்போல் அனுபவித்தவர் யாரும் இல்லை.

பிறகு ஒருநாள் எனக்கு நெஞ்சு வலித்தது. ரத்தக் குழாய்களில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். என் மனைவி வேலியருகே போய், "அண்ணே, இனிமே இவருக்கு ஐஸ்கிரீம் குடுக்காதீங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து வட்டின் பின்னால் சீனி போடாத கடற்பாசி ஜெல்லி, அகார் அகார், ஒட்டியிருந்தது.

"ஏண்ணே மாத்துனீங்க?"

"ஒன் கண்ணு முன்னால ஐஸ்கிரீம வச்சி வெளையாடுனா நல்லாவா இருக்கும்? இந்தா, தேறிருச்சி. சாப்புடு லா."

சோதனைப் பொருள் ஏன் மாறியது என்று வெளிநாட்டுக் குழு கேட்டதாம். 'பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சு சரியில்லை' என்று பதில் எழுதினார். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அண்ணனுக்கும் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. ஒரு வருடம் தீமிதிக்குப் போய், நடக்கிற பக்தர் காலில் வெப்பம் அளக்கும் ஒயர் ஒன்றைக் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். கோயில் தலைவர் பொறுமைசாலி.

"கையில காப்பு கட்டுவோம் தம்பி. கால்ல ஒயர் கட்ட மாட்டோம். சூடு தெரியணுமா, வெரதம் இருந்து நீயே எறங்கு."

"நானா? அளக்கறவன் எறங்க மாட்டான் லா."

அப்படிச் சொன்னவர், என் ஆபரேஷனுக்கு நாள் குறித்த மாதத்தில் கையில் காப்போடு நின்றார். மீன் இல்லை, கோழி இல்லை, பாயில் படுக்கை. தாமானுக்குக் காரணம் தெரிந்திருந்தது. அவருடைய வட்டு ஒன்றைப் பொருத்திய சோதனைக் கலம் தீமிதி அன்று மாலைதான் பூமிக்குத் திரும்புவதாக இருந்தது.

"ராக்கெட்டுக்கு நேத்திக்கடனா, அண்ணே?" என்று கேலி செய்தார்கள். சிரித்துவிட்டுப் போவார்.

நான் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் "சின்ன வேலதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் பிழை திருத்தி வாழ்ந்தவன் நான். ஒரு மாலை அண்ணன் கோயில் வாசலில் என்னை நிறுத்தினார்.

"அறிவிப்புப் பலகையில ரெண்டு பெழ இருக்கு. பாத்துட்டுச் சும்மா போற. பயமா?"

"இல்லண்ணே."

"எனக்குப் பயமா இருக்கு லா" என்றார்.

தீமிதி அன்று கூட்டத்துக்குள் போகாமல் பந்தல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனுடைய தொலைபேசி என் மடியில். கலம் காற்றுக்குள் நுழைந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. இனிச் சில நிமிடங்களுக்கு அதனோடு தொடர்பு இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தார். நெருப்பு சுற்றிக்கொண்டால் சிக்னல் வராதாம். தலையைத் தூக்கினேன். மஞ்சள் வேட்டியோடு அண்ணன் பூக்குழியில் இறங்கிக்கொண்டிருந்தார். ஓடவில்லை. காலில் ஒயரும் இல்லை.

அவர் நெருப்பைக் கடந்து, முடிவில் இருந்த பால் குழியில் கால் வைத்த பிறகுதான் அடுத்த செய்தி வந்தது. கலம் பத்திரம். நான் எழுந்துபோய்த் தொலைபேசியை நீட்டினேன்.

"வந்திருச்சிண்ணே. ஒங்க வேண்டுதல் பலிச்சிருச்சி."

அவர் அதை வாங்கவில்லை. என் நெஞ்சில் விபூதியை அழுத்திப் பூசினார்.

"வட்டுக்கு எதுக்கு லா வேண்டுதல்? அத நான் செஞ்சேன். அது தாங்கும்னு எனக்குத் தெரியும். ஒன் நெஞ்ச நானா செஞ்சேன்?"

எவ்வளவு சூடு இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

"பாக்க மறந்துட்டேன்" என்றார்.

என் நெஞ்சு இப்போது நன்றாக இருக்கிறது. அண்ணன் அந்த வெளிநாட்டுக் குழுவோடே வேலைக்குப் போய்விட்டார். போன வாரம் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினார். பெரிய ஆய்வுக்கூடம், பளபளக்கும் கருவிகள், நடுவே கரிந்த வட்டு. அதன் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் அகார் அகார்தான்.