மான் வேட்டைக்கு முந்தின நாள் வகுப்பு

அன்புள்ள மார்லிஸ் அத்தைக்கு,

தங்கள் அண்ணன் மகன் ஆர்விட் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததையும், பனியில் துளை போட்டு மீன் பிடிக்க ஏரி இன்னும் உறையவில்லை என்று லெஸ்டர் மாமா புலம்புவதையும் அப்பா சொன்னார். நீங்கள் போனில் கேட்ட காரியத்துக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முடியாது அத்தை. கோபப்படாமல் முழுவதும் படியுங்கள்.

நான் சட்டக் கல்லூரியில் வாத்தியாராகிவிட்டதாக நீங்கள் தேவாலயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். நான் வாத்தியார் இல்லை. மூன்றாம் ஆண்டு மாணவன். முதலாண்டுக்கு ஒப்பந்தச் சட்டம் நடத்தும் பேராசிரியை ஆஸ்ட்ராண்டருக்கு எடுபிடி. அந்த அம்மாள் பாடம் நடத்த மாட்டார், கேள்விதான் கேட்பார். பெட்டியில் எல்லார் பெயரும் எழுதிய அட்டைகள் இருக்கும், ஒன்றை உருவுவார், அகப்பட்டவர் வகுப்பு முடியும்வரை நின்று பதில் சொல்ல வேண்டும். படிக்காமல் வருகிறவர்கள் காலையிலேயே என்னிடம் தக்க காரணம் சொன்னால், அன்றைக்கு மட்டும் அவர்கள் அட்டையை நான் எடுத்துவிடலாம். நம் மினசோட்டாக்காரர்களுக்கு இல்லை என்று சொல்ல வருமா? இங்ரிட் என்ற பெண், "அண்ணா, பூனை குட்டி போட்டிருக்கு, ராத்திரி பூரா கூடவே இருந்தேன்" என்று கண்கலங்கினாள். எடுத்தேன். மறுநாள் வாழைப்பழ ரொட்டி கொண்டுவந்தாள். தின்றேன். அதிலிருந்து பிடித்தது சனி. ஆளுக்கொரு சாக்கு, ஆளுக்கொரு தின்பண்டம். என் பேண்ட் இறுகிப்போனதுதான் மிச்சம்.

போன வெள்ளிக்கிழமை, மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள். வேட்டைக்குக் கிளம்பும் நினைப்பில் ஒருத்தர் பாக்கியில்லை, எல்லாரும் சாக்குச் சொல்லிவிட்டார்கள். பேராசிரியை பெட்டியைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. நான் நீதிபதியிடம் வேலைக்குச் சேர அவர் தரவேண்டிய சிபாரிசுக் கடிதம் இன்னும் எழுதப்படவில்லையே!

"ஆர்விட், நீயே எந்திரி. இவங்களைக் கூப்பிட விடமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்க. சும்மா குடுத்த வாக்கு சட்டப்படி செல்லுமா?"

"செல்லாது மேடம். பதிலுக்கு ஏதாவது வாங்கியிருந்தாத்தான் செல்லும்."

"வாங்குனியா?"

இல்லை என்றால் வாக்கு செல்லாது, வகுப்பே மாட்டும். ஆமாம் என்றால் நான் மாட்டுவேன். நான் விழிப்பதற்குள் அந்தப் படுபாவிகளே எழுந்துவிட்டார்கள்.

"வாங்குனாரு மேடம்! என் வாழைப்பழ ரொட்டி!" என்றாள் இங்ரிட்.

"எங்கம்மா செஞ்ச பூசணிக்காய் அப்பம், முழுசா!" என்றான் அடுத்தவன்.

"இரு இரு, காரியம் முடிஞ்சப்புறம் குடுத்தது நன்றிதானே? அது எப்படி விலையாகும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அடப் போடா, அது அடுத்த தடவைக்கு அட்வான்ஸ்!"

படிக்கவில்லை என்று காலையில் மூக்கைச் சிந்தியவர்கள் எல்லாம் பக்க எண்ணோடு வழக்குகளை எடுத்து வீசினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேரம் முடிந்தும் சண்டை ஓயவில்லை.

எல்லாரும் போனதும் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். "இந்த வருஷத்துல இவங்க தானா வாயைத் தொறந்ததே இன்னிக்குத்தான். அதுக்காக உன்னை விடுறேன், சிபாரிசும் எழுதுறேன். ஆனா இனிமே எவன் கேட்டாலும் இல்லைன்னு சொல்லணும். இன்னொரு தடவை தின்னுட்டு நீ இளகிட்டன்னு காதுல விழுந்துச்சு, கடிதம் குப்பைக்குப் போயிடும்."

ஆகவே அத்தை, இதே வகுப்பில் படிக்கும் உங்கள் பக்கத்து வீட்டு நீல்ஸ் கூச்ச சுபாவம், பாவம், வாய் திக்கும், எல்லாம் சரி. ஆனால் நீங்கள் கேட்டபடி அவன் அட்டையை வருஷம் முடியும்வரை ஒளித்துவைக்க என்னால் முடியாது. நான் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொல்லும் "இல்லை" இது. உங்களிடம் சொல்ல நேர்ந்ததற்கு வருத்தம்தான், ஆனாலும் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

மாமாவுக்கு நல்ல மான் கிடைக்கட்டும், உங்கள் முழங்காலுக்குக் கர்த்தர் துணையிருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஆர்விட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் பார்சல் வந்தது. எலுமிச்சை கேக். வாசனை ஆளைத் தூக்கியது, பாதிப் பெட்டியைக் காலி செய்த பிறகுதான் அடியிலிருந்த "நீல்ஸுக்காக" என்ற துண்டுச் சீட்டைப் பார்த்தேன். சட்டப்படி இனி நான் பின்வாங்க முடியாது. நீல்ஸின் அட்டை இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. பேராசிரியைக்கும் ஒரு பெட்டி அனுப்புவீர்களா? விசாரித்துவிட்டேன், அவரும் நம் ஊர்ப் பக்கம்தான், தின்றபின் இல்லை என்று சொல்ல வராது.