கிற்றாருக்கு அடியில் ஒரு வசனம்

மல்வேர்ன், ஸ்காபரோ, கனடா,
22.11.1994, செவ்வாய்க்கிழமை, முற்பகல்.

அன்புள்ள மைத்துனர் சண்முகலிங்கம் அறியவேண்டியது,

உமக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லாத வேளையில் இக்கடிதம் வந்து சேரட்டும். இங்கே மகள் யோகராணி, மருமகன் அன்புராசா, பேத்தி லக்சிகா மூவரும் சுகம். நானும் சுகம் என்றே எழுதுகிறேன். இதை நீர் உமது அக்கா இல்லாத இடத்தில் நின்று வாசிக்கவேண்டும். பாலேஸ்வரி பக்கத்தில் நின்றால் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாங்கு விடயம் என்று ஏதாவது சொல்லி வெளியே போய்விடும். உம்மைப் பொய் சொல்லச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

எங்கள் அயலவர் நீக்கிலாப்பிள்ளை கடந்த சனிக்கிழமை இங்கிருந்து புறப்பட்டார். லண்டனில் மகன் வீட்டில் பன்னிரண்டு நாள் நின்று, பிறகு கொழும்பு வந்து, டிசம்பர் நாலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்கு வருவார். அவருடைய பையில் அக்காவின் பெயர் எழுதிய ஒரு பொதி இருக்கிறது. அதற்குள் முழங்காலுக்குப் பூசும் தைலம் இரண்டு போத்தல், கம்பளிக் காலுறை ஒரு சோடி, ஒரு கசெற். தைலத்தையும் காலுறையையும் கொடுத்துவிடும். கசெற்றை மட்டும் அக்காவின் கண்ணில் படாமல் எடுத்து ஒளித்துவிடவேண்டும். விரைவுத் தபாலில் இக்கடிதம் ஒன்பது நாளில் வருமாம். அப்படி வந்தால் நீக்கிலாப்பிள்ளைக்கு மூன்று நாள் முந்தி உமது கையில் இருக்கும். ரெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர். உங்கள் வீட்டு ரெலிபோனை எப்போதும் அக்காதான் எடுக்கிறார். நேற்று மூன்றுதரம் அடித்தேன். மூன்றுதரமும் "ஹலோ, ஆரது?" என்று அவர் குரல். மூன்றுதரமும் வைத்துவிட்டேன். யாரோ பேசாமல் பயமுறுத்துகிறான் என்று நீங்கள் கலங்கியிருந்தால், அது நான்தான். மூன்றாம்தரம் வைப்பதற்குச் சற்றுப் பிந்தினேன். அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும்போல் இருந்தது.

உமக்கு விடயம் தெரியும், ஆனாலும் ஒழுங்காக எழுதுகிறேன். உங்கள் தாயாரைப் பராமரிக்கவென்று அக்கா பின்தங்கினார். நான் இரண்டு வருடம் முந்தி இங்கே வந்தேன். தாயாரின் ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. அக்காவின் விசாவும் வந்துவிட்டது. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் இங்கே வந்து இறங்காவிட்டால் அது செல்லாது. யோகராணி வரச்சொல்லி அழுது கேட்டாள். அன்புராசா ஒஷாவாவில் பன்னிரண்டு மணிநேர வேலை முடித்து வந்த கண்ணோடு கேட்டார். லக்சிகா "அம்மம்மா, ப்ளீஸ்" என்று எட்டுத்தரம் கேட்டாள். அக்கா யோகராணிக்குச் சொன்ன பதில் இதுதான்: "எல்லாரும் வா எண்டுறியள். கொப்பர் இன்னும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அந்தாள் தனியச் சந்தோசமாய் இருக்கிறாரோ, ஆர் கண்டது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் என் கைக்கும் வருகிறது. "இஞ்சை குளிர் பரவாயில்லை. பிரஷர்க் குளிசை போடுறீரோ?" என்பேன். "ஓம், போடுறன். வேறை?" என்பார். "வேறை ஒண்டுமில்லை. பிள்ளையிட்டைக் குடுக்கிறன்" என்பேன். அந்த "வேறை?"க்குப் பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கிறது. வாரம் முழுவதும் அதற்கென்று ஆயத்தம் செய்வேன். நேரம் வந்ததும் பிள்ளையிடம் கொடுத்துவிடுவேன்.

கசெற்றின் கதைக்கு வருகிறேன். லக்சிகாவுக்குப் பதினாறு வயது. வீடியோக் கடையிலிருந்து ஆங்கிலக் காதல் படங்கள் எடுத்துவருவாள். யோகராணி என்னைத் தணிக்கை அதிகாரியாக நியமித்தாள். "அப்பா, நீங்கள் பக்கத்திலை இருங்கோ. ஏதும் ஒரு மாதிரி வந்தால் உடனை ஓட்டிவிடுங்கோ" என்று சொல்லி ரிமோட்டைக் கையில் தந்துவிட்டு வேலைக்குப் போனாள். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்துநாலு வருடம் படம் வரைந்த கை என்னுடையது. அது அவசரத்துக்குப் பழகாதது. எந்தப் பொத்தான் என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து நான் அழுத்துவதற்குள் முத்தம் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் அவர்கள் கோப்பி குடிப்பதும் குடும்ப விடயம் பேசுவதும் ஓடிப்போகும். "அம்மப்பா, நீங்க கிஸ்ஸை விட்டிட்டுக் கதையை ஓட்டுறீங்கள்" என்றாள் லக்சிகா. இரண்டாம் கிழமையில் ராஜினாமாச் செய்தேன். ஆனால் படம் பார்க்க மட்டும் போய் இருந்தேன்.

அப்படி மூன்று படம் பார்த்தோம். மூன்றும் எனக்கு ஒரே படமாகத் தெரிந்தது. நான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லையோ தெரியாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் எப்போதும் மழை பெய்கிற ஒரு நகரம். தோய்க்காத கட்டம்போட்ட சட்டையும் சீவாத தலையுமாகச் சில பிள்ளைகள் ஒரே அப்பாற்மென்ற் கட்டடத்தில் இருக்கிறார்கள். எதிர்க் கதவுப் பெண்ணில் ஒருவனுக்கு விருப்பம். அவள் வேறு ஊருக்குப் போகிறாள். அவன் அவளுடைய பெட்டிகளையெல்லாம் நாலு மாடி தூக்கிக்கொண்டுபோய்க் காரில் ஏற்றுகிறான். வாயைத் திறந்து ஒரே ஒரு வசனம் சொல்கிறான்: "படி ஈரம், கவனம்." கார் போகிறது. அவன் மழையில் நிற்கிறான். அப்போது கிற்றார் எழும்பி, யாரோ ஒருவன் எங்கோயிருந்து தொண்டை கிழியக் கத்துகிறான்.

"ஏன் பிள்ளை, உவன் வாய் திறக்கிறானில்லை?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே பாட்டுப் போகுது, அம்மப்பா."

எனக்கு உடம்பு ஒருமுறை குளிர்ந்தது. எங்கள் படங்களில் காதலனே வாயசைத்து, மரத்தைச் சுற்றி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். அதனால் அவை எனக்கு எப்போதும் பொய்யாகவே பட்டன. இங்கே சொல்லத் தெரியாதவன் பெட்டி தூக்குகிறான். அவனுக்காக முன்பின் தெரியாத இன்னொருவன் கத்துகிறான். தம்பி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் உமது அக்காவிடம் கடைசியாகச் சொன்னது என்ன தெரியுமா? "வாசலிலை தண்ணி நிக்குது, பாத்து நடவும்." அன்று எனக்காகக் கத்த ஒருவரும் இருக்கவில்லை.

இந்தப் படங்களைவிட அவற்றின் பாட்டுக் கசெற்றுகள்தான் கூட விற்கின்றனவாம். படத்தைப் பார்க்காதவர்களும் பாட்டை வாங்குகிறார்களாம். பிறந்தநாளுக்கு சிடி கிடைத்ததும் லக்சிகா தன் பழைய கசெற்றை எனக்குத் தந்துவிட்டாள். காலை பத்தரைக்கு எல்லோரும் போனபின் அதைப் போடுவேன். முதல்நாள் தலையிடி வந்தது. நாலாம்நாள் வரவில்லை. முதற்பக்கம் நாலாம் பாட்டு எனக்குப் பிடித்துவிட்டது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். உறைக்குள் மடித்திருந்த பாட்டு வரிகளைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். போனவளின் சட்டை கதவில் இன்னும் தொங்குகிறது என்று மெதுவாகச் சொல்கிறான். பிறகு அதையே கத்துகிறான். வேறு விபரம் இல்லை. அந்தக் குரலில் அழகு இல்லை, சுருதியும் சந்தேகம். ஆனால் அவனுக்கு ஒருவர் இல்லாமல் இருக்கிறது, அது விளங்குகிறது. ஒருநாள் பாட்டு முடிந்து கசெற் தானாக நின்றபின்னும் மத்தியானம்வரை அப்படியே இருந்துவிட்டேன். சோறு ஆறிப்போனது.

ஆகவே அக்காவுக்குப் பேசிக் கசெற் அனுப்புவது என்று தீர்மானித்தேன். பேச்சை எழுதினேன். பத்துத்தரம். முதற்பிரதி "உமது வருகை தொடர்பாக" என்று தொடங்கியது. பத்தாவது பிரதியில் "தொடர்பாக" இல்லை, அதுதான் முன்னேற்றம். ஆனால் அமைதியான வீட்டில் என் குரல் எனக்கே கேட்க, வாய் வரவில்லை. அப்போதுதான் ஒரு யோசனை. நாலாம் பாட்டைப் பின்னால் ஓடவிட்டுப் பேசினால் என்ன? அவன் அவ்வளவு கத்தும் வீட்டில் நான் கொஞ்சம் பேசினால் யாருக்குத் தெரியப்போகிறது? இந்தப் பாட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது: கொஞ்ச நேரம் மெதுவாகப் போகும், பிறகு வீடு இடிந்து விழும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மெதுவாகப் போகும். மணிக்கூட்டை வைத்து அளந்தேன். ஐம்பத்திரண்டு வினாடி அமைதி, நாற்பது வினாடி இடி, நாற்பத்தெட்டு வினாடி அமைதி, மறுபடி இடி, கடைசியில் சிறிய அமைதி. சதுரத் தாளில் அமைதிக்கு நீலம், இடிக்குச் சிவப்பு என்று வரைந்தேன். முதல் நீலத்தில் சுகம் விசாரிப்பது. இரண்டாம் நீலத்தில் அந்த வசனம். மூன்றாம் நீலத்தில் விடைபெறுவது. படத்தைப் பார்க்க எனக்கே திருப்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்ரீரியோவில் பாட்டைப் போட்டு, அன்புராசாவின் சின்ன றெக்கோடரைக் கையில் பிடித்து நின்றேன். முதல் நீலம் நன்றாகப் போனது. குளிர், சப்பாத்து, குளிசை எல்லாம் சொல்லிவிட்டேன். சிவப்பில் மேசையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாம் நீலம் வந்தது. "பாலேஸ்" என்றேன். செருமினேன். தண்ணீர் குடித்தேன். தாளைப் பார்த்தேன். "நான் உம்மட்டைச் சொல்ல நினைச்சது என்னெண்டால்" என்று தொடங்கவும் கிற்றார் எல்லாம் ஒன்றாக இடித்துக்கொண்டு வந்துவிட்டது. நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தினால் இந்த ஜென்மத்தில் திரும்பத் தொடங்கமாட்டேன் என்று பயம். அதனால் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். தாளில் எழுதாததையும் சொன்னேன். கல்யாணம் முடித்த முப்பத்தெட்டு வருடத்தில் முதன்முறையாக, அவனுக்கு மேலால் கேட்கவேண்டுமென்று, கத்திச் சொன்னேன். நானும் அவனும் ஒரே நேரத்தில் முடித்தோம். மூன்றாம் நீலத்தில், "அவ்வளவுதான். யோசிச்சு முடிவெடும். வைக்கிறன்" என்றேன். மனம் இறகுபோல் இருந்தது. கந்தோர்ப் பழக்கத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, என் குரலைக் கேட்கக் கூச்சப்பட்டு, சரிபார்க்காமலே நீக்கிலாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்றுத் துணிந்து பிரதியைக் கேட்டேன். குளிர் கேட்கிறது. சப்பாத்து கேட்கிறது. குளிசை மிகத் தெளிவாகக் கேட்கிறது. "நான் உம்மட்டைச் சொல்ல நினைச்சது என்னெண்டால்" கேட்கிறது. பிறகு நாற்பது வினாடி இடி. அதற்குள் யாரோ ஒரு கிழவர் கிணற்றுக்குள் விழுந்து கூப்பிடுவதுபோல் ஒரு சத்தம், ஒரு சொல்லும் பிடிபடாது. பிறகு, "அவ்வளவுதான்." இதை அக்கா கேட்டால், இந்த மனிசன் கடல் கடந்தும் குளிசையைப் பற்றித்தான் பேசுகிறார், வயது போய்க் கூத்தும் கும்மாளமுமாக இருக்கிறார் என்று நினைக்கமாட்டாரா? ஜனவரி முப்பத்தொன்று போய்விடாதா?

திரும்பப் பேசி அனுப்பலாம் என்பீர். வாய் வருகுதில்லை, தம்பி. அன்றைக்கு வந்தது அன்றைக்குத்தான். ஆகவே கசெற்றை ஒளித்துவிட்டு, கீழ்வரும் வசனத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டும்: "பாலேஸ்வரி, இங்கே" — இவ்விடத்தில் பேனை நின்றுவிட்டது. தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். "பாலேஸ்வரி, மோர்னிங்சைட் பஸ்ஸில் யன்னல் ஓரம் உம்முடையது என்று நான் இந்தப் பக்கமே இருக்கிறேன். ஏறுகிற சனம் எல்லாம் என் முழங்காலைத் தாண்டிப்போய் உம்முடைய இடத்தில் இருக்கிறது." இதையும் வாசிக்கவேண்டாம். பஸ் விபரம் என்று நினைப்பார். நீர் பாங்கில் எத்தனையோ கடிதம் எழுதிய ஆள். நீரே ஒரு வசனம் அமைத்து, அத்தான் சொன்னதாகச் சொல்லிவிடும். மிகைப்படுத்தவேண்டாம். குறைத்தும் விடாதேயும்.

உமது மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் பண்பிலும் உயர்ந்து, உங்கள் வீட்டில் எந்நாளும் நல்ல செய்தியே வந்து சேர வாழ்த்துகிறேன்.

என்றும் உங்கள் நன்மையை வேண்டும் அத்தான்,
தியாகலிங்கம்

பி.கு.: ஒட்டிய உறையைக் கேத்தில் ஆவியில் பிடித்துத் திறந்து இதை எழுதுகிறேன். பிற்பகல் ஐந்தரை. நாலு மணிக்கு லக்சிகா பள்ளிக்கூடத்தால் வந்து ஸ்ரீரியோவை அழுத்தினாள். பிரதியை நான் அதற்குள்ளேயே விட்டிருந்தேன்.

"அம்மப்பா! இது உங்கடை வொய்ஸ்! உதுக்குள்ளை என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை."

"ஒண்டுமில்லாததையோ இவ்வளவு கத்திச் சொன்னனீங்கள்? அம்மம்மாவுக்கோ? ஓ மை கோட். சொல்லுங்கோ!"

ஏழுதரம் திருப்பிப் போட்டாள். ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டாள். நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போக, என் பின்னால் வந்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "ஐ ஹாவ் டு நோ, அம்மப்பா" என்றாள். இன்னும் சாப்பிடவில்லை. இப்போதும் என் கதிரைக்குப் பின்னால் நிற்கிறாள். தமிழ் வாசிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

பாட்டு முழுக்க மனப்பாடமான பிள்ளைக்கே இந்தப் பாடு என்றால், உமது அக்காவை யோசித்துப் பார்த்தேன். ஒருமுறை ரயிலில் கிளிநொச்சி கழிய, "இஞ்சை பாரும்" என்று தொடங்கிவிட்டுச் சொல்லவந்ததை மறந்துபோனேன். சொல்லவந்தது என்ன என்று கேட்டுக் கேட்டு, அநுராதபுரம்வரை அக்கா என்னை விடவில்லை.

ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் தள்ளிவிடும். கசெற்றை ஒளிக்கவேண்டாம். றெக்கோடருக்குப் புதிய பற்றறி போட்டு, சத்தத்தை நன்றாகக் கூட்டி, அக்காவைக் கேட்கவிடும். நீர் வசனம் ஒன்றும் அமைக்கவேண்டாம். இடிக்குள் அத்தான் என்ன சொன்னார் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லும், அது உண்மையும்கூட. ரெலிபோனில் கேட்டால் நான் சொல்லமாட்டேன். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் நேரில் வந்து கேட்கட்டும்.