பார்னோ பதித்த கோணல் வரிசை

"மூணாவது வரிசை வளைஞ்சிருக்கு" என்றாள் சுமிரா, சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீரைக் கணவரிடம் நீட்டியபடி.

பார்னோ நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடமாக இந்தோனேசியாவின் ஜோக்ஜா நகரில் தரை ஓடு பதிக்கிறவர். இப்போது பதிப்பது தெருவின் தொழுகைக்கூடத்துக்கு. ஓட்டின் கோட்டில் குதிகாலை வைத்துத்தான் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நோன்பு மாதம் பிறக்க இன்னும் பத்தே நாள்.

நூல் பிடித்துக் காட்டினார். நூலும் வளைந்துதான் இருக்கிறது என்றாள். மட்டப்பலகையை வைத்தார். பலகை வெயிலில் கோணிவிட்டது என்றாள். இதற்குமேல் மனைவியோடு வாதாடுகிற தைரியம் எந்தக் கொத்தனாருக்கு இருக்கிறது? வரிசையைப் பெயர்த்தார். அவள் பக்கத்திலேயே நின்று, இந்தப் பக்கம் தள்ளுங்க, அந்தப் பக்கம் இழுங்க என்று சொல்லச் சொல்லத் திரும்பப் பதித்தார்.

மறுநாள் நான்காவது வரிசை அவளுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து வரிசைகள் சுமிராவின் மனம்போல் அமைந்துவிட்டன.

அன்று கமிட்டித் தலைவர் ஹாஜி மஸ்ரூரி பத்துப் பேரைக் கோட்டில் நிறுத்திப் பார்த்தார். வரிசை பிறைபோல் வளைந்து, இந்தக் கோடியில் நின்றவரும் அந்தக் கோடியில் நின்றவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் நல்ல மனிதர். பார்னோவைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்கண்ணே, மீதியை வேற ஆள் பார்த்துக்கட்டும்" என்றார்.

பார்னோ வீட்டுக்கு வந்து கரணையைக் கழுவித் துடைத்துச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டார். நீ சொல்லித்தானே மாற்றினேன் என்று மனைவியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கண்மேல் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

சுமிராவுக்கும் மனசு கேட்கவில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு விழித்திரை வீங்கி நேர்கோடும் வளைந்து தெரியும் என்று எங்கோ கேட்டது ஞாபகம் வர, அவரைக் கண் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தாதி அவரிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. பிரஷர் மாத்திரை ஞாபகம் வந்தால்தான். கொழுப்பு ஏறிக் கிடக்கிறது. கிராம்பு சிகரெட் நாளுக்கு ஒரு பாக்கெட். விழித்திரை வீங்க இதில் ஒவ்வொன்றும் ஒரு காரணம்தான் என்றாள் தாதி. பார்னோ குற்றவாளிபோல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"என்னைப் பாருங்க. பதினாறு வருஷமா சர்க்கரை, பிரஷரும் உண்டு. இலைக் கஷாயத்திலேயே அடக்கி வெச்சிருக்கேன். ஒரு டாக்டர் வாசலை மிதிச்சதில்ல" என்றாள் சுமிரா.

தாதி கட்டம் போட்ட அட்டை ஒன்றை அவர் முன்னால் பிடித்து, ஒரு கண்ணை மூடச் சொன்னாள். பார்னோ வெகுநேரம் பார்த்தார். பிறகு மறு கண்ணால் பார்த்தார்.

"எல்லாம் நேராத்தாங்க தெரியுது" என்றார், பயந்துகொண்டே.

சுமிரா அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "மறைக்காதீங்க. நடுவுல எல்லாக் கோடும் வளைஞ்சு கிடக்கே, அதைச் சொல்லுங்க."

தாதி அட்டையைத் தாழ்த்தினாள்.

"இதுல ஒரு கோடுகூட வளையலம்மா. ஐயா, நீங்க எழுந்திருங்க, அம்மா உட்காரட்டும்."