அஞ்சலி அக்கா வரைந்த முகம்

கோவில்பட்டியில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்துப்போனவர்களை அதிகம் தெரிந்தவர் அஞ்சலி அக்கா ஒருவர்தான். அஞ்சலி என்பது அவர் பெயரல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்துக்கு மற்ற கடைகளுக்குப் போகிறவர்கள்கூட, கண்ணீர் அஞ்சலி என்றால் அக்காவிடம்தான் வருவார்கள். செத்தவரின் தலைக்குப் பின்னால் மேகம் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இந்தத் தொழில் அவர் பார்வையையே மாற்றிவிட்டது. என் மகள் கல்யாணத்துக்குப் பிளக்ஸ் அடிக்கப் போயிருந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு நெத்தி நல்லா எடுப்பா இருக்கு. பிளக்ஸ்ல நல்லா விழும்" என்றார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓவியப் பயிற்சிக்கு வந்து நின்றார். சமுதாயக் கூடத்தில் வாராவாரம் இலவசமாக நடப்பது அது. வயதான ஓவிய ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுக்க, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாலைந்து பேர் கத்தரிக்காயும் குடமும் வரைந்துகொண்டிருந்தோம். தனக்குக் காய்கறி வேண்டாம், மனித முகம் எப்போது வரும் என்று அக்கா முதல் நாளே கேட்டுவிட்டார்.

காரணத்தை அப்புறம் என்னிடம் சொன்னார். பசுவந்தனைப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி கடைக்கு வந்திருக்கிறார். பருத்திக் காட்டில் பாம்பு கடித்து அவர் மனைவி இறந்துபோயிருந்தார். அந்த அம்மாள் ஆயுசுக்கும் எடுத்துக்கொண்ட ஒரே படம் ஆதார் அட்டையில் இருந்தது. பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளி புள்ளியாகக் கரைந்துவிட்டது. சம்சாரி திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது அவளில்லை என்றார். வேறு வழியில்லாமல், முகம் இருக்க வேண்டிய இடத்தில் குத்துவிளக்கை வைத்து அடித்துக் கொடுத்திருக்கிறார் அக்கா. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் போனதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

ஆகவே வரையக் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டார். முதலில் அகப்பட்டவன் நான். முக்கால் மணி நேரம் உட்காரவைத்து வரைந்தார். படத்தில் நான் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. உயிரோடு இருப்பவரை உயிரோடு வரையும்படி ஆசிரியர் பொறுமையாகச் சொன்னார்.

"பழக்கமில்ல சார். பழகுதேன்" என்றார் அக்கா.

பழகினார். கடையில் ஆளில்லாத நேரமெல்லாம், டீ குடிக்கிறவர்களையும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களையும் வரைந்தார். அக்கா பென்சிலும் கையுமாக ஒருவரைப் பார்த்தால் அவர் கதை முடிந்தது என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. பாதிப் பேர் கடையைக் கண்டதும் ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்துப் பசுவந்தனைக்குப் பஸ் ஏறினார். அந்த வீட்டில் சம்சாரி மட்டும்தான் இருந்தார். மூக்கு எப்படி, புருவம் எப்படி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மிளகாய் வத்தல் அள்ளும்போது மனைவி கண்ணைச் சுருக்குவது மட்டும் ஞாபகமிருந்தது. மூன்று முறை போய் மூன்று படம் வரைந்தார் அக்கா. மூன்றையும் அவளில்லை என்று சம்சாரி ஒதுக்கிவிட்டார். நான்காவது படத்தை அக்கா சமுதாயக் கூடத்தில் நடந்த எங்கள் பயிற்சிக் கண்காட்சியில் மாட்டிவிட்டு, அவருக்குப் போன் போட்டு வரச் சொன்னார்.

எங்கள் கத்தரிக்காய்களுக்கு நடுவே, கண்ணைச் சுருக்கியபடி உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். சம்சாரி சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்று பார்த்தார். அக்கா பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அவதான்" என்றார் சம்சாரி. கொஞ்சம் கழித்து, "ஆனா அவ ஒருநாளும் இப்படி சும்மா உக்காந்ததில்ல தாயி" என்றார்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்வரை அதில் இருந்தார். அக்கா படத்தைக் கழற்றி நீட்டியபோது வாங்கிக்கொள்ளவில்லை.

"வீட்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன். இங்கன நாலு பேரு பாக்காவ. இங்கனயே இருக்கட்டும்."

அவர் போனதும் அக்கா கூடத்துப் படியில் உட்கார்ந்து அழுதார். எத்தனையோ சாவு வீட்டுக்காரர்களைத் தேற்றி அனுப்பியவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

படம் இன்னும் கூடத்துச் சுவரில்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் கரிசல் புழுதி கண்ணாடியை மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கு முன்னால் வந்து அக்கா முந்தானையால் துடைப்பார். நானும் சீக்கிரமே போய்விடுகிறேன். மேல் ஓரம் அவருக்கு எட்டாது.