தாட்சாயணி போட்ட டிக்

"சமையல்னு யாரு எழுதினது?"

நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று தாட்சாயணி கேட்ட கேள்வி, சீயோன் பிரஸ்பிடேரியன் சபையின் காம்பவுண்டைத் தாண்டி, சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸுக்காக நின்றவர்கள் வரைக்கும் கேட்டிருக்கும்.

போர்டில் இந்த வருஷத்து ஊழியப் பட்டியல் ஒட்டியிருந்தது. போன மாதம் பாஸ்டர் ஆளுக்கொரு படிவம் கொடுத்திருந்தார். பாடகர் குழு, சண்டே ஸ்கூல், ஆஸ்பத்திரி சந்திப்பு, சமையல் என்று பத்துக் கட்டங்கள். விருப்பமான ஊழியத்தில் டிக் போடச் சொன்னார். தாட்சாயணி பாடகர் குழுவில் போட்டாள். ஒரு டிக் கண்ணில் படாமல் போய்விடுமோ என்று பக்கத்திலேயே இன்னொன்றும் போட்டு, கீழே கோடும் இழுத்தாள். பட்டியலில் அவள் பெயருக்கு நேராகச் சமையல் என்று இருந்தது. கோபம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்கள்.

பத்தொன்பது வருஷம். சுற்று வட்டார ஊர்களிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் பசியோடு திரும்பக் கூடாது என்று ஞாயிறுதோறும் சாப்பாடு போடுகிற சபை அது. நூற்றிருபது பேர். கோயிலில் முதல் பாட்டு ஆரம்பிக்கிற நேரத்தில் பின்பக்கத்துச் சமையல் கட்டில் தாட்சாயணி சோறு வடித்துக்கொண்டிருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பாடுவார்கள், இந்தப் பக்கம் இவளும் பாடுவாள். நல்ல குரல்தான். கேட்டது சாம்பார் மட்டும். ஒரு ஆராதனையிலாவது முழுசாக உட்கார்ந்திருக்கிறாளா? கிடையாது. சபையில் அவளுக்குத் தெரிந்தது தட்டோடு வருகிற முகங்கள்தான். அதிலும் பாதிப் பேர் இப்போது ஸ்ரீசிட்டி கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகள். பேர்கூடத் தெரியாது.

இந்த ஈஸ்டருக்காவது முன்னால் நின்று பாட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"ஏமம்மா, எதுக்கு இப்டி கத்தற?" என்று வந்தார் மூப்பர் முனிரத்தினம். தாசில்தார் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு ஃபைல் உள்ளே வராமல் இன்னொரு ஃபைலை வெளியே விடாதவர்.

"நான் கொயர்ல டிக்கு போட்டேன் சார். ரெண்டு டிக்கு."

"பாத்தோம். மூப்பருங்க செஷன்ல எல்லாரும் பாத்தோம். ஆனா சமையலுக்கு எத்தினி பேரு போட்டாங்க தெரியுமா? ஒர்த்தர் கூட போடல. பழக்கப்பட்ட கையாச்சேன்னு உன் பேர எழுதினோம்."

"அப்ப எதுக்கு சார் டிக்கு போட சொன்னீங்க?"

"உன் விருப்பத்த தெரிஞ்சிக்கத்தான்."

"தெரிஞ்சிக்கினு?"

"ஜெபத்துல வெச்சிக்கினோம்."

தாட்சாயணிக்குக் காது மடல் சுட்டது. கையில் கரண்டி இல்லாதது முனிரத்தினம் செய்த புண்ணியம்.

"பத்தொம்பது வருசமா ஜெபத்துலயே இருக்கறேன் சார். என்னை வெளிய எடுங்க."

"அதுக்கு முறை இருக்குது. நாம பிரஸ்பிடேரியன். எதுவும் கிரமப்படி நடக்கணும். உன் எடத்துல ஒர்த்தர கொண்ணாந்து நிறுத்திட்டு ரிலீவ் ஆவு. உன் கை காலியானதும் கொயர் டீச்சர பாரு. ஈஸ்டருக்கு இன்னும் ஆறு வாரம் இருக்குதே."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். புருஷன் அப்பாவு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இனிமே ஞாயித்துக்கெழம தூக்குல சாம்பார் வராதா?" என்றான். அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சாம்பார் மட்டுமல்ல, எதுவும் வரவில்லை.

மறுநாளே ஆள் பிடித்தாள். தரணி என்று ஒரு பெண். சண்டே ஸ்கூல் டீச்சர்.

"எனக்கு சமைக்க புடிக்கும் ஆன்ட்டி. ஆனா சண்டே ஸ்கூல விட்டா யாரு பாப்பாங்க? மூப்பர் உடமாட்டாரே."

"நான் பாக்கறேன் போ!"

கோபத்தில் வந்த வார்த்தை. வந்தது வந்ததுதான். வந்த ஞாயிறு கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில், இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் தாட்சாயணி நின்றாள். பாடம், யோனா தீர்க்கதரிசி.

"கர்த்தர் யோனாவ நினிவேக்கு போன்னு சொன்னாரு. போனானா?"

"இல்ல டீச்சர்! கப்பல் ஏறி வேற ஊருக்கு போய்ட்டான்!"

"ஏன் போனான்?"

முன் வரிசையில் இருந்த ரெட்டைச் சடைக் குட்டி கையைத் தூக்கியது. "அவன் வேற எடத்துக்கு டிக்கு போட்டுக்கறான் டீச்சர்."

தாட்சாயணி பாடப் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் யோனாவின் கட்சி பேசினாள். அவன் மேல் என்ன தப்பு? போகிறாயா என்று ஒரு வார்த்தை அவனைக் கேட்டார்களா? கேட்காமல் அனுப்பிவிட்டு, மீனை விட்டு விழுங்க வைப்பது எந்த ஊர் நியாயம்?

புதன்கிழமை முனிரத்தினம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"புள்ளைங்களுக்கு என்ன சொல்லி குட்த்த? என் பேரன ஹோம்வொர்க் எழுதுடான்னா, 'யோனாவ கேட்டாங்களா?'ன்னு என்னையே கேக்கறான். குளிக்க மாட்டானாம். கேட்டா யோனாவாம்!"

"அப்ப சண்டே ஸ்கூல்ல இருந்து என்னை எடுத்துடுங்க சார். எனக்கும் அதான் வேணும்."

"எடுத்துடலாம். ஆளு கொண்ணா."

இப்படி ஒரு மனுஷன்! வாய் வரைக்கும் வந்த திட்டுகளை எல்லாம், சபை மூப்பராச்சே என்று விழுங்கினாள். விழுங்கியது ஜெயபிரகாஷ் தலையில் போய் விடிந்தது. கம்பெனியில் கிரேன் ஓட்டுகிற பையன், பிள்ளைகளிடம் பிரியமாக இருப்பான். ஆஸ்பத்திரி சந்திப்பு ஊழியம் அவனுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், படுத்திருப்பவர்களிடம் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசி, ஜெபம் பண்ணிவிட்டு வர வேண்டும்.

"சண்டே ஸ்கூல நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி. அந்த ஆஸ்பத்திரிய மட்டும் நீங்க..."

"குடு! அதையும் குடு! இன்னும் எது எது இருக்குதோ எல்லாத்தையும் என் தலையில கட்டுங்க!"

நாலு வார்த்தை ஆறுதல் என்றால், தாட்சாயணிக்கு மூன்றாவது வார்த்தையிலேயே சுருதி ஏறிவிடும். முதல் கட்டிலில் ஒரு பெரியவர். சர்க்கரையால் காலில் ஆறாத புண். தலையணைக்குக் கீழே காகிதப் பொட்டலம் எட்டிப் பார்த்தது.

"அது என்னாது?"

"ஒண்ணும் இல்லம்மா. ஜாங்கிரி. ஒண்ணே ஒண்ணு."

"ஜெபம் அப்பறம். மொதல்ல அத்த எட்த்து வெளிய போடு! கால வெட்டணும்னு டாக்டரு சொல்றாரு, நீ ஜாங்கிரி துன்னுக்கினு கர்த்தர கூப்புடற. அவுரு என்ன உன் வூட்டு வேலக்காரரா?"

அடுத்த கட்டிலில் ஒருவன் பீடியை அவசரமாக எங்கேயோ ஒளித்தான். எங்கே என்று இவள் கண்டுபிடித்துவிட்டாள். அந்த வார்டில் யாருக்கும் அன்றைக்கு ஆறுதல் கிடைக்கவில்லை, ஆனால் தலையணைகளின் அடி சுத்தமானது.

இரண்டாவது வாரம் அவளுடைய பச்சைப் பை கேட்டில் தெரிந்ததுமே எல்லோரும் தலையோடு போர்த்திக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் இரண்டு பேர் டிஸ்சார்ஜ் கேட்டார்கள். நாலாவது வாரம், அதாவது குருத்தோலை ஞாயிறு அன்றைக்கு, நர்ஸம்மா வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "மீரு இங்க ராகண்டி அம்மா" என்றாள். இனிமேல் வராதீர்கள் என்று தெலுங்கில் எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதை.

அவமானமும் ஆத்திரமுமாக ஷேர் ஆட்டோ பிடித்துச் சபைக்கு வந்தாள். ஆராதனை அப்போதுதான் முடிந்திருந்தது. முனிரத்தினம் போனைக் காதில் இருந்து எடுத்துக்கொண்டே எதிரில் வந்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்துதான் பேசினாங்க. உன் எடத்துக்கு ஆளே வேணாமாம். சந்திப்பே வேணாமாம்."

"அப்படின்னா?"

"ரிலீவ் ஆயிட்ட. உன் கை காலி."

ஐந்து வாரத்தில் முதல் தடவையாகத் தாட்சாயணி சிரித்தாள். முழுசாகச் சிரித்து முடிக்க அந்த மனுஷன் விடவில்லை.

"ஆனா ஒண்ணு. தரணி ஒர்த்தியால முடியல. சோறு போன வாரம் குழஞ்சிது, இந்த வாரம் வேகல. வர்ற ஞாயிறு ஈஸ்டர் விருந்து, முந்நூறு பேரு. அந்த பொண்ணு அழுதுக்கினு இருக்குது. ஈஸ்டருக்கு மட்டும் நீ..."

"மாட்டேன்!"

"முழுசா கேளும்மா..."

"கேக்க மாட்டேன்! பத்தொம்பது ஈஸ்டர் அடுப்பாண்டயே நின்னேன். இந்த ஈஸ்டருக்கு நான் பாடறேன். முந்நூறு பேரு பட்டினி கெடந்தாலும் பாடறேன்!"

"சரி, அப்ப ஆறு பேர குடு. சனிக்கெழம காய் நறுக்கறதுல இருந்து ஞாயித்துக்கெழம பந்தி முடியற வரைக்கும் தரணி கூட நிக்கணும். ஆறு பேர நிறுத்திட்டு நீ போயி பாடு. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

தாட்சாயணி திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு வரிசை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் முந்திக்கொண்டு, தட்டும் கையுமாக, வரிசையின் தலையில் ஆறு இளசுகள் நின்றன. நாலு பெண்கள், இரண்டு பையன்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள்! கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் பின்னால் நிற்க, எப்போதும் இந்த மாதிரி நாலு பேர்தான் முதலில் வந்து நிற்பார்கள்.

நேராகப் போய், முதலில் நின்ற பையனின் தட்டைப் பிடுங்கினாள்.

"உன் பேரு என்னா?"

"பவன்குமார், ஆன்ட்டி."

"துன்றதுக்கு மட்டும் மொத ஆளா வந்து நிக்கத் தெரியுதே, என்னைக்காச்சும் ஒரு வெங்காயம் உரிச்சிக்கறியா?"

"இல்ல ஆன்ட்டி, நாங்க எதுக்கு மொதல்ல வரோம்னா..."

"பசிக்குது, அதான வர்ற? எங்களுக்கெல்லாம் பசிக்காதா? வர்ற சனிக்கெழம ஆறு பேரும் சமையல் கட்டுக்கு வரணும். ஞாயித்துக்கெழம பந்தி முடியற வரைக்கும் அங்கதான் இருக்கணும்."

பின்னால் நின்ற பெண் பயந்துகொண்டே வாயைத் திறந்தது. "ஈஸ்டர் அன்னிக்கு எங்களால வர முடியாதுங்க ஆன்ட்டி. எங்களுக்கு..."

"ஷிப்டா? லீவு போடு!"

"ஷிப்ட் இல்ல ஆன்ட்டி, வேற..."

"வேற என்னாடி? ஆண்டவர் வேலைய விட பெரிய வேல? எனக்கு மட்டும் ஆசை இல்லியா? பத்தொம்பது வருசமா இங்க வெந்துக்கினு இருந்தேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்க யாருக்காச்சும் இந்த பொம்பள சாப்டாளான்னு கேக்க தோணிச்சா?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பவன்குமார் மெதுவாக, "வரோம் ஆன்ட்டி" என்றான். ஆறு பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதி, முனிரத்தினத்தின் சட்டைப் பையில் இவளே திணித்தாள். அவர் காகிதத்தைப் படித்தார். இவள் முகத்தைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்து, கிரமப்படி வாயை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஒத்திகைக்குத் தாட்சாயணி கிளிப்பச்சைப் புடவை கட்டி, பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கோயிலின் முன்வாசல் வழியாக உள்ளே போனாள். உள்ளே கீபோர்டு முன்னால் பாடகர் குழு டீச்சர் கலைவாணி தனியாக உட்கார்ந்திருந்தாள். காளஹஸ்தியிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். கண் சிவந்திருந்தது.

"டீச்சர், நான் வந்துட்டேன். எங்க நிக்கணும்?"

"எங்க வேணா நில்லுங்க. நீங்களும் நானும்தான்."

"மத்தவங்கல்லாம்?"

"கொயரே கலஞ்சி போச்சிங்க. மூணு மாசமா சொல்லி குட்த்தேன். நாளைக்கு ஈஸ்டர், ஒர்த்தர் கூட வர்றதுக்கில்ல."

தாட்சாயணிக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஐந்து வாரம் நாய்படாத பாடு பட்டு இந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். வந்து நின்ற நாளில் குழு இல்லையாம்!

"எவ அவ கலைச்சவ? பேர சொல்லு டீச்சர். இப்பவே போயி தலமயிர புடிச்சி இஸ்துக்கினு வரேன்!"

கலைவாணி தரையைப் பார்த்தாள். "வேணாங்க. நான் எப்டி சொல்றது?"

"பயப்படாத! நான் இருக்கறேன். யாரு அவ?"

அந்த நேரத்தில் கோயிலுக்குப் பின்பக்கமிருந்து பாட்டுச் சத்தம் எழும்பியது. ஈஸ்டர் பாட்டு. ஆண் குரலும் பெண் குரலும் தனித்தனியாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்து, என்ன ஒரு அழகு! தாட்சாயணி அசந்துபோய் நின்றாள். பத்தொன்பது வருஷமாகச் சுவர் வழியாகக் கேட்ட சத்தம் இது. ஆனால் இன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை கன்னையாவைப் பார்த்து, "அங்க யாரு அது பாடறது?" என்று கத்தினாள்.

கன்னையா துணியை உதறிக்கொண்டே சொன்னார்:

"ஆசீர்வாதம் முடிஞ்சதும் கொயர்காரங்கதான மொதல்ல வெளிய வருவாங்க, அதனாலதான் சாப்பாட்டு வரிசைல அவங்க மொதல்ல நிப்பாங்க. அந்த ஆறு பேரயும் நீதானம்மா புடிச்சிக்கினு போயி வெங்காயம் உரிக்க உட்டுட்டு வந்த!"